அடுத்தவர் அடித்த ரிவெட்

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. இன்னொருவர் பாதியில் விட்ட கிட்டை, அதாவது பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டுகிற விமானத் தொகுப்பை, தொடவே கூடாது என்பது ஒரு கட்சி. கிடைத்தால் விடாதே, காசும் மிச்சம், வேலையும் மிச்சம் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் சேர்ந்து ஒரு கிட்டை வாங்கி, லாரி பிடித்து, வீட்டு கேரேஜில் கொண்டுவந்து இறக்கினேன். காசு மிச்சம் என்பது உண்மை. வேலை மிச்சமா என்று கேட்டால் ஒரே வரியில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பாதியில் நின்ற கிட்டுகள் இத்தனை கிடைப்பதற்குக் காரணம் அவை விற்கப்படுகிற முறையிலேயே இருக்கிறது. முழு விமானத்தையும் ஒரே நாளில் யாரும் வாங்குவதில்லை. முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல், கடைசியில் கண்ணாடி மூடியும் சக்கரங்களும் மற்றவையும் என்று தவணை தவணையாக வரும். வால் கிட்தான் இருப்பதிலேயே சின்னது, விலையும் குறைவு. வேலை பிடிக்கிறதா, கை பழகுகிறதா என்று பார்த்துவிட்டு இறக்கைக்கு ஆர்டர் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே ஏற்பாடுதான் ஆயிரக்கணக்கான வால்களை ஆயிரக்கணக்கான கேரேஜ்களில் தூங்க வைத்திருக்கிறது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973-இல் அமெரிக்காவின் ஒரிகனில் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசையில் மட்டும் இதுவரை 11,000 விமானங்களுக்கு மேல் கட்டி முடித்துப் பறந்திருக்கின்றன. உலகத்தில் வேறு எந்தக் கிட்டும் இந்த எண்ணிக்கையை நெருங்கியதில்லை. அங்கேகூட விற்ற வால்களின் கணக்கு பறந்த விமானங்களின் கணக்கைவிட எவ்வளவோ பெரியது.

என்னுடையது எந்தக் கம்பெனி கிட் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அலுமினியத் தகடு, தகடுகளை இணைக்கிற ஆணியான ரிவெட், இரண்டு இருக்கை. விற்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நிற்கும் வால், அதாவது வெர்ட்டிகல் ஸ்டெபிலைசர், முழுதாக முடிந்திருந்தது. கிடைவால் எலும்புக்கூடாக, தகடு போர்த்தாமல் நின்றது. வாலின் பின்னால் அசைகிற பாகங்களான ரட்டரும் எலிவேட்டர்களும் தொடப்படவே இல்லை. இறக்கைப் பெட்டி வந்து இறங்கிய கோலத்திலேயே சுவரோரம் கிடந்தது. "நேரம் அமையல தம்பி, அவ்வளவுதான்" என்றார். நானும் அதற்கு மேல் தோண்டவில்லை.

ஏற்றியதும் இறக்கியதும்

புதுக் கிட் என்றால் கம்பெனியே மரப்பெட்டியில் அடைத்து அனுப்பிவிடும். நம் வேலை வாசலில் இறக்கிக்கொள்வது மட்டும். பழைய கிட்டில் பாதி பெட்டிக்குள் இருக்கும், பாதி பெட்டிக்கு வெளியே இருக்கும். வெளியே இருப்பதுதான் தலைவலி. எலும்புக்கூடாக நிற்கிற கிடைவால் எடையே இல்லாதது, ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் பிடிக்கத் தெரியாமல் பிடித்தால் விரல் அழுத்திய இடத்தில் ரிப்பின், அதாவது உள்சட்டத்தின், விளிம்பு வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தலாம், ஆனால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்த அலுமினியம் பழைய அலுமினியம் ஆகாது.

ஏற்றுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். பெரியவர் வீட்டிலேயே இறக்கைப் பெட்டியின் மேல்பலகையைக் கழற்றி, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தகடுகள், ரிப்புகள், எண் போட்ட பிளாஸ்டிக் பைகளில் நட்டு, போல்ட், வாஷர். புதிதாக வாங்குகிறவர்களுக்குக் குறை சொல்ல கம்பெனி கொஞ்ச நாள் அவகாசம் கொடுக்கும். இந்தப் பெட்டிக்கு அந்த அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது. பட்டியலில் இருந்து பெட்டியில் இல்லாதது எதுவானாலும் இனி என் கைக்காசு. கசங்கிய பழுப்புக் காகிதத்தை ஒவ்வொரு சுருளாகப் பிரித்து உதறித்தான் குப்பையில் போட்டோம். ஒரு சுருளுக்குள்ளிருந்து விரல் நுனி அளவுக்கு ஒரு அடைப்புத் துண்டு விழுந்தது. அதை அப்படியே எறிந்திருந்தால் அதே அளவில், அதே கலவையில் இன்னொன்று தேடி அலைய வேண்டியிருந்திருக்கும்.

லாரிக்காரர் நல்ல மனிதர், ஆனால் காலி இடம் அவர் கண்ணுக்குப் பொறுக்காது. "சார், இந்த நீளப் பெட்டியை நிமித்திச் சாய்ச்சு வெச்சா இன்னொரு வீட்டுச் சாமானும் ஏத்திக்கலாம்" என்றார். அந்த நீளப் பெட்டிக்குள்தான் இறக்கையின் முதுகெலும்பான இரண்டு ஸ்பார்களும் இருந்தன. முழு விமானத்தின் எடையையும் வானத்தில் சுமக்கப் போவது அவை. கிட்டிலேயே கனமான உருப்படி என்றாலும் தட்டையாகப் படுக்க வைத்து இரு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் தொய்யும், நீளம் கிடையாகவே இருக்க, விளிம்பின் மேல் நிறுத்தினால் கம்பீரமாக நிற்கும். பறக்கும்போது எந்தத் திசையில் எடை தாங்குமோ அதே திசையில்தான் லாரியிலும் தாங்கும் என்பதைப் புரிய வைத்தபின் அவரே ஆட்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார். கயிறும் பட்டையும் பெட்டியின் மரத்தை மட்டும்தான் இறுக்க வேண்டும், எந்தத் தகட்டின் மேலும் படக்கூடாது. முடிந்த வாலைப் பழைய மெத்தையின் மேல், முன்விளிம்பு கீழே இருக்கும்படி வைத்தோம். முன்விளிம்பு வளைந்து உருண்ட பகுதி, அதற்குத் தாங்கும் சக்தி உண்டு. பின்பக்கத்து விளிம்புகள் ஒரு முழங்கை பட்டாலே நெளியும்.

வீட்டில் இறக்கியபோது என் மனைவி கேட்ட கேள்வி எளிமையானது. "இது வால்னா, இறக்கை கட்டி முடிச்சா எங்க வைக்கப் போறீங்க?" அதற்கு விடை உண்டு. கட்டி முடித்த இறக்கைகளை முன்விளிம்பு கீழே வர, ஒன்றையொன்று பார்த்தபடி, கம்பளம் சுற்றிய மரத்தொட்டிலில் பக்கம் பக்கமாக நிறுத்திவிடலாம். ஒரு அலமாரியின் இடம்தான் பிடிக்கும். விடை சொன்னேன். நம்பினதாகத் தெரியவில்லை.

நீல உறை

கட்டத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. இறக்கைத் தகடுகளின் மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை ஒட்டி வரும். கீறல் விழாமல் காப்பதற்காக ஒட்டுவது. சில மாதங்களுக்கு அது காவல்காரன். வருடக்கணக்கில் விட்டால் அதுவே எதிரி. உறைக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் நுழைந்தால் வெளியே போக வழி கிடையாது, அங்கேயே இருந்து அரிக்கும். பசையும் இறுகிப்போய் உரிக்க வராது. தகட்டைக் கொஞ்சம் சூடாக்கி, மூலையிலிருந்து தாழ்வாக, நிதானமாக இழுக்க வேண்டும்.

இழுத்தேன். பெரும்பாலான தகடுகள் கண்ணாடியாக வந்தன. இரண்டில் மட்டும், ஓரத்தை ஒட்டி மயிரிழைக் கோடுகள் நெளிந்து நெளிந்து போயிருந்தன. இந்தத் தகடுகள் வெறும் அலுமினியம் அல்ல. 2024-டி3 என்கிற, தாமிரம் கலந்த வலுவான உலோகம் நடுவில், அதன் இரு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிய பூச்சாக. வலுவானது சீக்கிரம் அரிக்கும், சுத்தமானது அவ்வளவு எளிதில் அரிக்காது, ஆகவே ஒன்றுக்கு மற்றது சட்டை. மெல்லிய தகட்டில் இந்தச் சட்டையின் தடிமன் பக்கத்துக்கு ஐந்து சதவீதம். அரிப்பு சட்டையோடு நின்றிருந்தால் நாரால் தேய்த்துச் சுத்தம் செய்து ப்ரைமர் என்கிற அடிப்பூச்சைப் பூசிவிடலாம். உள்ளே இறங்கியிருந்தால் தகட்டை மாற்ற வேண்டும். இவை சட்டையோடு நின்றிருந்தன. எல்லா உறையையும் அன்றைக்கே உரித்துவிட்டேன். உங்களிடம் பெட்டியில் தூங்குகிற கிட் இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

மேஜையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் அமெரிக்கச் சங்கமான ஈஏஏ-வின் 1000-ஆம் கிளை வரைந்துகொடுத்த மர மேஜை வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது, உலகம் பூராவும் அதைத்தான் செய்கிறார்கள், நானும் அதையே செய்தேன். மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. மேஜை முறுக்கியிருந்தால் வாலும் முறுக்கிக்கொண்டு பிறக்கும், பிறந்தபின் திருத்த முடியாது.

கண்ணுக்குத் தெரிந்த ரிவெட்டும் தெரியாத ஓரமும்

இனி விஷயத்துக்கு வருகிறேன். முடிந்த வாலை மேஜையில் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தகட்டோடு தகடாகப் பதிந்து நிற்கும் தட்டைத்தலை ரிவெட்டுகள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஊசிமுனை அளவு குழி. அந்தக் குழி இருந்தால் விமானத்துக்கான கலவை, 2117. குழி இல்லாத வழவழ தலை என்றால் மெத்தென்ற சுத்த அலுமினியம், அதை இங்கே அடித்திருக்கவே கூடாது. எல்லாவற்றிலும் குழி இருந்தது. ஆனால் வரிசையின் ஆரம்பத்தில் சில தலைகள் ஒரு பக்கமாக எழும்பி நின்றன. சிலவற்றைச் சுற்றி தகட்டில் பிறைவடிவத் தழும்பு, ரிவெட் துப்பாக்கி வழுக்கி அடித்த அடையாளம். போகப் போகத் தழும்பு குறைகிறது. கிடைவாலின் எலும்புக்கூட்டுக்கு வந்தால் அதில் அடித்த ரிவெட்டுகள் அச்சில் வார்த்தவை மாதிரி ஒரே சீர். மனிதர் கை பழகியிருக்கிறது. நன்றாகப் பழகி முடித்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அவருடைய குறிப்பேடும் என்னிடம் வந்திருந்தது. இது வெறும் ஞாபகப் புத்தகம் இல்லை, சட்டப்படி தேவைப்படுகிற ஆவணம். அமெரிக்க அரசின் விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ-வின் 51 சதவீத விதி என்பார்கள். விமானத்தின் பெரும்பகுதியைத் தொழிலாக இல்லாமல், கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டுகிறவர்களே உருவாக்கியிருக்க வேண்டும். ஒரே ஆள்தான் கட்ட வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. கை மாறலாம், ஆனால் முந்தைய கையும் அமெச்சூர் கைதான் என்று காட்டப் படமும் குறிப்பும் வேண்டும். குறிப்பேடு இல்லாத பழைய கிட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். பெரியவர் தேதி, வேலை, நேரம், புகைப்படம் என்று ஒழுங்காகவே எழுதியிருந்தார். கிடைவால் பக்கங்களில் "ஓரம் தேய்த்தேன்" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. நிற்கும் வாலின் பக்கங்களில் அந்த வரி இல்லை. வரைபடத் தாளில் அதன் ஒரு ரிப்பின் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

நான் அப்போது அந்த வரியைப் பொருட்படுத்தவில்லை, என் கண்ணெல்லாம் ரிவெட்டின் மேல் இருந்தது. அத்தனையையும் துளைத்தெடுத்துவிட்டு நானே மறுபடி அடிப்பது என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். ஈஏஏ-வில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று தன்னார்வலர்கள் உண்டு, தாங்களே கட்டிப் பறந்த அனுபவஸ்தர்கள், கூப்பிட்டால் வந்து பார்ப்பார்கள். அந்த மாதிரி ஒருவரை அழைத்தேன். வந்தவர் என் முடிவைக் கேட்டுச் சிரித்தார். "மோசமா அடிச்ச ரிவெட்டைவிட மோசமாப் பிடுங்கின ரிவெட்தாங்க ஆபத்து. துளை பெரிசாயிடுச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" பையிலிருந்து அளவுத்தகட்டை எடுத்தார். ரிவெட்டின் உள்பக்கம் நசுங்கித் தட்டையாகிற தலைக்குக் கணக்கு உண்டு. அகலம் ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 3/32 அங்குல ரிவெட் என்றால் அகலம் சுமார் 0.14 அங்குலம். கைக்கு எட்டியதையெல்லாம் அளந்தார், எட்டாததைக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார். தேறாததைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டார். வட்டங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. நான் கண்டித்து வைத்திருந்த பாதி ரிவெட்டுகள், தழும்போடு அசிங்கமாக இருந்தாலும் அளவில் தேறிவிட்டன.

கேமராவை வெளியே எடுக்கப் போனவர் நிறுத்தினார். அடிரிப்பின் துளை வழியாக உள்ளே போயிருந்த கேமராவை மெதுவாகத் திருப்பி, அடுத்த ரிப்பில் எடை குறைக்க வெட்டியிருக்கிற வட்டத் துளையின் ஓரத்தைத் திரையில் காட்டினார். அச்சில் வெட்டிய கோலத்திலேயே, ரம்பப்பல் போலச் சின்னச் சின்னப் பிசிறுகள். தேய்க்கவே இல்லை. அதற்கடுத்த ரிப்பிலும் அப்படியே. "ரிவெட்டை விடுங்க. இதைப் பாருங்க" என்றார்.

தகடு ஒடிவது நடுவில் அல்ல, ஓரத்தில். அடித்து வெட்டிய ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத கீறல்கள் இருக்கும். பறக்கும்போது வால் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அதிர்வும் அந்தக் கீறலை ஒரு மயிரளவு திறந்து மூடும். பல்லாயிரம் தடவைக்குப் பிறகு கீறல் விரிசலாகும். 1954-இல் எல்பா தீவருகே கடலில் விழுந்த காமெட் ஜெட் விமானத்தின் சிதைவுகளைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தபோது, கூரைச் சாளரம் ஒன்றின் மூலைக்கருகே, ஒரு துளையின் ஓரத்தில்தான் களைப்பு விரிசல் தொடங்கியிருந்தது தெரியவந்தது. அது காற்றழுத்தம் அடைத்து உயரத்தில் பறக்கிற பயணி விமானம், நம்முடையதில் அழுத்தமே கிடையாது, ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உலோகம் ஓரத்திலிருந்துதான் விட்டுக்கொடுக்கும் என்கிற அளவுக்கு மட்டும் ஒன்றுதான். இந்தத் துறையில் ஓரம் தேய்ப்பதற்கு டீபர் செய்வது என்று பெயர். விமானம் கட்டுகிறவன் வாழ்நாளில் பாதி டீபர் செய்வதில் போகும். படம் எடுத்துப் போட எவனும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, பார்க்க ஒன்றுமிருக்காது. விரல் நகத்தை ஓரத்தில் ஓட்டினால் எங்கும் தட்டாமல் வழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரிவெட் தப்பென்றால் எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம். மூடிய பெட்டிக்குள் இருக்கிற ஓரத்தை எப்படித் தேய்ப்பது? பிரிட்டனில் இதே மாதிரிச் சங்கமான எல்ஏஏ-வின் ஆய்வாளர்கள் மூடுவதற்கு முன்பே வந்து உள்பக்கம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள், அந்த ஏற்பாட்டின் அருமை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. "இப்படியே பறந்தா என்ன ஆகும்?" என்று ஆலோசகரிடம் கேட்டேன். "ஒண்ணும் ஆகாமலும் போகலாம்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா உங்க விமானத்துலயே ரொம்ப மலிவான, ரொம்பச் சுலபமான பாகம் இதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவிகளைப் பைக்குள் போட்டார்.

பிரித்தது

நிற்கும் வாலுக்கு மட்டும் புதுத் தகடும் ரிப்பும் ஸ்பாரும் ஆர்டர் கொடுத்தேன். பழையதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, பழகுவதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ரிவெட்டின் தலையிலிருக்கிற அந்த ஊசிமுனைக் குழி இதற்கும் உதவுகிறது, துளைமுனை வழுக்காமல் நடுமையத்தில் உட்காரும். தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைக்க வேண்டும், தகட்டைத் தொடக் கூடாது. பிறகு அதே அளவு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஒரு ஒடி ஒடித்தால் தலை மட்டும் வட்டமாகக் கழன்று வரும். மிச்சத்தைப் பின்னாலிருந்து தட்டித் தள்ள வேண்டும். தள்ளும்போது ரிப்பின் விளிம்பை ஒரு கட்டையால் தாங்கிப் பிடிக்காவிட்டால் ரிவெட் போவதற்குப் பதில் விளிம்பு போகும். சில துளைகள் சுத்தமாக வந்தன. சில முட்டை வடிவமாகின. முட்டையான துளைகளைப் பார்த்தபோது, அத்தனை ரிவெட்டையும் எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்ற யோசனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர் கூப்பிட்டார். "வால் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். எந்த வால் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. பிரித்துவிட்டேன், புதிதாகச் செய்யப் போகிறேன் என்று சொன்னேன். சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "ஓரம்தானே?" என்றார். "கிடைவால் செய்யும்போதுதான் தம்பி எனக்கே புரிஞ்சுது, முதல்ல செஞ்சதுல தேய்க்காம மூடிட்டோம்னு. மாத்திடணும்னு ஒரு நாள் தோணும். முடிச்சதைப் போய் யாராவது பிரிப்பாங்களான்னு மறுநாள் தோணும். மாத்தாம அடுத்ததைத் தொடவும் மனசு வரல. அப்படியே வருஷம் ஓடிப்போச்சு."

கிட்டுகள் பாதியில் நிற்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பணம், நேரம், வீடு மாற்றம், பிள்ளைகள், கண்பார்வை. எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் நான் பார்த்த இந்த ஒரு கிட் அவற்றால் நிற்கவில்லை. செய்கிறவருக்குத் திறமை போதாமல் நின்றது என்றும் சொல்ல முடியாது, அவருடைய கிடைவாலைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. திறமை வந்ததால்தான் நின்றது. கை தேறத் தேறக் கண்ணும் தேறியது, தேறிய கண்ணுக்கு முதல் பாகம் உறுத்தத் தொடங்கியது. இன்னொருவர் செய்ததாக இருந்ததால் நான் அதை ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டேன். அவரால் முடியவில்லை, அவர் அதைச் செய்திருந்தார். முதலில் சொன்ன இரண்டாவது கட்சிக்காரர்கள் வேலை மிச்சம் என்று சொல்வது இந்த இடத்தில் கொஞ்சம் பொருந்துகிறது. மிச்சமானது ரிவெட் அடிக்கிற வேலை இல்லை, அதில் எனக்கு ஒன்றும் குறையவில்லை. அவர் சுமந்த தயக்கம் எனக்கு இல்லாமல் போனதே மிச்சம்.

புதுப் பாகங்கள் சின்ன அட்டைப்பெட்டியில் வந்தன. எண்ணினேன், நகத்தை ஓட்டி ஓட்டி எல்லா ஓரங்களையும் தேய்த்தேன். ரிப்புகளின் விளிம்பு லேசாக வளைந்து வரும், நெளிவு இடுக்கியால் துளைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கொசுவம் வைத்தால் நேராகும். எலும்புக்கூட்டின் மேல் தகட்டைத் தலையணை உறை போலக் கவிழ்த்து இழுத்து, ஒவ்வொரு துளையிலும், தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்துகிற வெள்ளி நிறக் கிளீக்கோவைச் செருகினேன். பார்க்க முள்ளம்பன்றி. துளைகளைச் சரியளவுக்கு விரித்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, துளைகளின் பிசிறையும் தேய்த்து, ரிவெட் தலை பதிந்து உட்காரத் துளையோரத்தைக் குழியாக அழுத்தி (டிம்பிள் என்பார்கள்), மறுபடி மாட்டி, அதன் பிறகுதான் ரிவெட். இத்தனை தடவை மாட்டிக் கழற்றுவது எதற்கு என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். உள்பக்கத்துக்குக் கை போகிற கடைசி வாய்ப்பு அது.

ரிவெட் துப்பாக்கி என் கையில், பின்னால் இரும்புக்கட்டையை வைத்துத் தாங்க இன்னொரு ஆள் வேண்டும். என் மனைவி காதடைப்பான் மாட்டிக்கொண்டு பிடித்தாள். எங்கள் முதல் சில ரிவெட்டுகள் பெரியவருடைய முதல் சில ரிவெட்டுகளின் சாயலிலேயே இருக்கின்றன, பிறைத் தழும்பு உட்பட. அளந்தேன், அளவில் தேறின, விட்டுவிட்டேன்.

கிடைவாலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் குறிப்பேட்டில் அவருடைய பக்கங்களை நகல் எடுத்து, அவருடைய படங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கட்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கும். தகடு போர்த்துவதற்கு முன் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கட்டை பிடிக்க. ஒரே ஒரு சிக்கல். ப்ரைமர் பூசிவிட்டுத்தான் மூட வேண்டும் என்கிறேன் நான். தகட்டின் சுத்த அலுமினியச் சட்டையே போதும், ப்ரைமர் வெறும் எடை என்கிறார் அவர். விமானம் கட்டுகிறவர்கள் நடுவே இந்தச் சண்டைக்கு முடிவு கிடையாது. நேற்று இரவும் ஃபோனில் ஒரு மணி நேரம் போனது.